34 சதவீதத்தில் சாகும் கிளீனர்: ஒரு பழுதின் முழுக்கதை

"தம்பி, இன்னைக்கும் முப்பத்துநாலுலயே புட்டுக்கிச்சு."

விருதுநகரில் சின்னதாக அச்சகம் நடத்தும் ஒரு அண்ணாச்சியின் போன் அது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் நோட்டீஸ் என்று எந்நேரமும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் இடம். காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தி, கம்ப்யூட்டரைப் போட்டதும் அவர் செய்யும் முதல் வேலை, தேவையில்லாத கோப்புகளை நீக்கும் கிளீனர் மென்பொருளைத் திறந்து சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்துவது. பச்சைப் பட்டை நூறைத் தொட்ட பிறகுதான் மற்ற வேலை. நான்கு நாளாக அந்தப் பட்டை 34-ஐத் தாண்டவில்லை. அரை விநாடி திணறும், அப்புறம் ஜன்னலே காணாமல் போகும். எச்சரிக்கை கிடையாது, பிழைச்செய்தி கிடையாது.

கிளீனரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது இங்கே முக்கியமும் இல்லை. இதே தவறு வேறு எந்த நிரலிலும் இருந்திருக்கலாம்.

போனில் கேட்டபோதே நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நூல் ஒன்று அதில் இருந்தது: தினமும் 34. ரேம் கெட்டிருந்தால் ஒரு நாள் 12-இல் விழும், இன்னொரு நாள் 80-இல் விழும். சூடேறி நின்றால் சில நாள் விழவே விழாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது என்றால், அந்த இடத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது தெரிந்தும், கடைக்குப் போனதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

கிளீனரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். 34. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். 34. ஆன்டிவைரஸில் விதிவிலக்கு கொடுத்தேன், பிறகு ஆன்டிவைரஸையே சற்று நேரம் நிறுத்திப் பார்த்தேன். 34. கமாண்ட் பிராம்ப்டில் எஸ்.எஃப்.சி ஸ்கேன் விட்டேன். விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் கோளாறு எதுவும் இல்லை என்றது. டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். வயதானதுதான், ஆனால் கெட்ட செக்டர் இல்லை. அதற்குள் மதியம் ஆகிவிட்டது. அண்ணாச்சி புரோட்டா வாங்கி வரச் சொன்னார். "பங்குனிப் பொங்கல் வேலை தலைக்கு மேல கெடக்கு, நீ மெதுவா பாரு" என்று ஒரு குத்தலும் வைத்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்துதான், விண்டோஸ் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். முதலில் திறந்திருக்க வேண்டியது.

விண்டோஸில் எந்த நிரல் செத்தாலும் அப்ளிகேஷன் பதிவேட்டில் 1000 என்ற எண்ணில் ஒரு குறிப்பு விழும். எந்த நிரல், அதன் எந்த மாட்யூலில் (உள்பகுதியில்) விழுந்தது, என்ன பிழை எண் என்று மூன்றும் அதில் இருக்கும். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் நான்கு நாளில் பதினெட்டு குறிப்புகள். எல்லாம் ஒரே அச்சு. விழுந்த மாட்யூல் யுசிஆர்டிபேஸ். பிழை எண் சி0000409.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் வழிமாறிப் போகிறார்கள். யுசிஆர்டிபேஸ் என்பது விண்டோஸோடு வரும் சி மொழி நூலகம். அதன் பெயரைப் பார்த்ததும் "டிஎல்எல் கெட்டுப்போச்சு, விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பைத் திரும்பப் போடு" என்பதுதான் கடைகளில் கிடைக்கும் வைத்தியம். நானும் போட்டேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. 34. அந்த நூலகத்தைக் கம்ப்யூட்டரில் உள்ள எத்தனையோ நிரல்கள் பயன்படுத்துகின்றன. அது கெட்டிருந்தால் கிளீனர் மட்டுமா விழும்? அடுக்கடுக்காக மற்றவையும் விழுந்திருக்கும். குறிப்பில் வருவது விழுந்த இடத்தின் பெயர்தான். தள்ளிவிட்டது யார் என்று அது சொல்லாது.

ஆனால் பிழை எண் அப்படியில்லை, அது பேசும். சாதாரணமாக நாம் பார்ப்பது சி0000005. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொடப்போய் அடிபட்ட நிரல் அது. 409-இல் முடிவது வேறு ஜாதி. அது பெரும்பாலும் நிரல் தானே முடிவெடுத்துத் தன்னை நிறுத்திக்கொண்டதன் அடையாளம். உள்ளே ஏதோ ஒழுங்கு மீறியது தெரிந்ததும், மேற்கொண்டு ஓடுவது ஆபத்து என்று அந்தக் கணமே செத்துப்போவது. பக்கத்திலேயே 1001 என்ற எண்ணில் இன்னொரு குறிப்பு இருந்தது. அதில் கூடுதல் தகவலாக 5 என்று ஒரே ஒரு இலக்கம். விண்டோஸின் கணக்கில் 2 என்றால் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி சேதம், 7 என்றால் நிரல் தானாகக் கைவிட்டது, 5 என்றால் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்த மதிப்பு செல்லாதது. ஆக, கிளீனர் எதையோ எடுத்து நூலகத்திடம் நீட்டியிருக்கிறது. "இதை வாங்க முடியாது" என்று நூலகம் கதவை அடைத்திருக்கிறது.

எதை நீட்டியது என்பதுதான் மிச்சக் கேள்வி.

புதிதாக ஒரு விண்டோஸ் கணக்கு உருவாக்கி, அதில் நுழைந்து கிளீனரை ஓட்டினேன். நூறைத் தொட்டது. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப இதுலயே வேலை பார்த்துக்கிறேன், எல்லாத்தையும் இங்க மாத்திரு" என்றார். பல இடங்களில் கதை இங்கேயே முடிந்துவிடும். 'புரொஃபைல் கரப்ட்' என்று ஒரு வார்த்தை சொல்லி, கோப்புகளை நகர்த்தி, பில் போட்டுவிடலாம். எனக்கு அந்தச் சொல்லில் எப்போதும் நம்பிக்கை இல்லை. கெட்டுப்போச்சு என்றால் எது கெட்டது? பதினோரு வருட எழுத்துரு அமைப்பும், பிரிண்டர் அமைப்பும், கோரல்டிராவில் அவர் பழகிய குறுக்குவிசைகளும் இருக்கும் கணக்கை, ஒரு கிளீனருக்காகக் கைகழுவுவதா?

ஒன்று மட்டும் உறுதியானது. கோளாறு விண்டோஸிலும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. அவருடைய கணக்குக்குள், கிளீனர் துழாவும் ஏதோ ஒரு ஃபோல்டரில் இருக்கிறது.

அப்புறம் செய்தது மிக எளிய வேலை. முதல் நாளே இதைச் செய்திருந்தால் புரோட்டா செலவு மிச்சம். கிளீனரின் இடதுபக்கம் நீளமாக டிக் பெட்டிகள் இருக்கும்: பிரவுசர் கேஷ், தற்காலிகக் கோப்புகள், மறுசுழற்சித் தொட்டி, சமீபத்திய ஆவணங்கள் என்று. எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினேன். (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் பெட்டியும் இருந்தது. அதை நிரந்தரமாக எடுத்துவிட்டேன். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அதில் கிடைக்கும் லாபம் சில கிலோபைட்டு, போனால் போவது முழுக் கம்ப்யூட்டர்.) ஆறாவது பெட்டி, 'சமீபத்திய ஆவணங்கள்'. டிக் போட்டு ஓட்டியதும் ஜன்னல் மறைந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் போட்டால், நூறு வரை ஓடியது.

நீக்கும்போது மட்டுமில்லை, நீக்காமல் வெறுமனே 'ஆராய்' என்று கொடுத்தாலும் விழுந்தது. அதாவது கோப்பை அழிக்கப்போய்ச் சாகவில்லை. பெயரைப் படித்த மாத்திரத்திலேயே சாகிறது.

சமீபத்திய ஆவணங்கள் என்பது ரீசென்ட் என்ற ஃபோல்டர். நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அதே பெயரில் ஒரு குட்டி ஷார்ட்கட்டை விண்டோஸ் அங்கே போட்டுவைக்கும். அசல் கோப்பு எந்த டிரைவில் இருந்தாலும், பென் டிரைவில் இருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டாலும், அதன் பெயர் மட்டும் இங்கே தங்கியிருக்கும்.

எந்தப் பெயர் என்று கண்டுபிடிக்க பிராசஸ் மானிட்டர் போதும். சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. அந்தக் கூட்டத்தை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியதிலிருந்து அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது, எந்த ரெஜிஸ்ட்ரி வரியைப் படிக்கிறது என்று ஒவ்வொரு அசைவையும் வரிவரியாக எழுதும். கிளீனரை மட்டும் வடிகட்டி, ஓடவிட்டு, விழுந்ததும் நிறுத்தினேன். அடியிலிருந்து மேல் நோக்கிப் பார்த்தால், பிழை அறிக்கை தயாரிக்கும் வெர்ஃபால்ட் தலையெடுப்பதற்குச் சற்று முன், ரீசென்ட் ஃபோல்டரின் பட்டியலைக் கிளீனர் வாங்கியிருந்தது. அதற்கு மேலே ஒவ்வொரு பெயராகத் திறந்து மூடியிருந்தது. கடைசியாகத் திறந்த பெயருக்கு அடுத்து வரவேண்டியது இது:

அருள்மிகு மாரியம்மன் திருக்கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழா அழைப்பிதழ் கடைசித் திருத்தம்

"இது போன வாரம் புரூஃப் அனுப்புனதுல்ல? இதுக்கென்ன?" என்றார் அண்ணாச்சி.

பார்வைக்கு ஒன்றுமே இல்லைதான். அண்ணாச்சியின் பெயர்சூட்டும் முறையும் நியாயமானது. வாடிக்கையாளர்கள் இப்போது மேட்டரை வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புகிறார்கள். அதன் தலைப்பு வரியை அப்படியே நகலெடுத்துக் கோப்புக்குப் பெயராக ஒட்டிவிடுவார். ஆறு மாதம் கழித்து அவர்கள் வந்து "போன தடவை அடிச்சது மாதிரியே" என்று கேட்டால், தேடுபெட்டியில் 'மாரியம்மன்' என்று அடித்தால் போதும். பழைய எழுத்துருக் காலத்தில் இது முடியாது. அப்போது கோப்புப் பெயர்கள் எல்லாம் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் இருக்கும்.

அந்த ஷார்ட்கட்டை மட்டும் பென் டிரைவுக்கு நகர்த்தினேன். கிளீனர் நூறைத் தொட்டது. திரும்ப வைத்தேன், விழுந்தது. குற்றவாளி கையில் அகப்பட்டாயிற்று. ஆனால் என்ன குற்றம்?

ஒரு காகிதத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். கண்ணால் எண்ணினால் அந்தப் பெயரில் 45 எழுத்துகள். ஆனால் கம்ப்யூட்டர் நம்மைப் போல் எண்ணாது. 'கு' நமக்கு ஒரு எழுத்து; யூனிகோடில் அது 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'ழ்' என்றால் 'ழ' ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிப் பிரித்தால் 45 எழுத்து 81 குறிகளாகிறது. இடைவெளி 8 சேர்த்து 89. விண்டோஸ் தன் உள்ளே பெயரை இப்படித்தான் அளக்கிறது. ரீசென்ட் ஃபோல்டருக்குப் போகும் பாதை அண்ணாச்சியின் கணக்கில் 56 எழுத்து. கடைசியில் ஒட்டும் புள்ளியும் மூன்றெழுத்து வாலும் 4. ஆக மொத்தம் 149. விண்டோஸ் காலங்காலமாக வைத்திருக்கும் பாதை நீள வரம்பு 260. பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறோம், அவ்வளவுதான். விண்டோஸுக்கு எந்தக் குறையும் இல்லை.

இதையே யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் கதை மாறுகிறது. யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக எழுதிவைக்க 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த முறை இது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 81-ஐ மூன்றால் பெருக்கினால் 243. இடைவெளி 8. பாதையும் வாலும் 60. கூட்டினால் 311.

260-ஐத் தாண்டிவிட்டது.

சந்தேகம் இப்போது வடிவம் பெற்றது. கிளீனர் விண்டோஸிடமிருந்து பெயரை வாங்கி யூடிஎஃப்-8-க்கு மாற்றுகிறது. மாற்றியதைப் போட்டுவைக்க 260 பைட் கொள்ளும் டப்பா ஒன்றை வைத்திருக்கிறது. எழுதியவர் மனதில் 'பாதை 260-ஐத் தாண்டாது' என்ற விண்டோஸ் விதி இருந்திருக்கும். அந்த விதி எழுத்துக் கணக்கு; இவர் டப்பா பைட் கணக்கு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் அவர்கள் சோதனையில் இது ஒருநாளும் அகப்பட்டிருக்காது. ஆங்கிலப் பெயரை எவ்வளவு நீட்டினாலும் டப்பா நிறையும் முன் விண்டோஸே தடுத்துவிடும். ஒரு பைட்டுக்கு மேல் வாங்கும் எழுத்துக்காரனுக்கு மட்டும்தான் அந்தச் சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே விழுவதற்குப் பள்ளம் இருக்கிறது.

நினைப்பு சரிதான். ஆனால் நிரூபிக்க வேண்டுமே. டெம்ப் ஃபோல்டரில் வெறும் டெக்ஸ்ட் கோப்பு ஒன்றை உருவாக்கி, பெயராக 'அ'-வை வரிசையாக நூறு தடவை போட்டேன். 300 பைட். தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் டிக் போட்டுக் கிளீனரை ஓட்டினேன்.

ஜம்மென்று நூறு வரை போய் நின்றது.

மனசு விட்டுப்போய்விட்டது. வெளியே போய் ஒரு டீ குடித்தேன். பாதி டீயில்தான் உறைத்தது: இந்த மாதிரிக் கிளீனர்கள் பலவற்றில் '24 மணி நேரத்துக்கு மேல் பழைய தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கு' என்று ஒரு அமைப்பு இருக்கும், அதில் டிக்கும் போட்டே இருக்கும். நான் உருவாக்கியது ஐந்து நிமிடக் குழந்தை. கிளீனர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. திரும்ப வந்து அந்த டிக்கை எடுத்தேன். விழுந்தது.

இனி எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். டெம்ப் ஃபோல்டரின் பாதை அவர் கணக்கில் 34 எழுத்து, வால் 4. டப்பா 260 என்றால், ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) முடிந்தது என்று குறிக்கும் சுழியன் ஒரு பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 259. அதில் 38 போனால் பெயருக்கு 221. 'அ' 73 என்றால் 219. கூட இரண்டு இலக்கம் சேர்க்கலாம், மூன்றாவது இலக்கத்துக்கு இடமில்லை. கணக்கு சரியென்றால் 73 'அ'-வும் 11-உம் கொண்ட பெயர் தப்ப வேண்டும். 73 'அ'-வும் 111-உம் கொண்ட பெயர் சாகடிக்க வேண்டும்.

11 வைத்தேன். ஓடியது. இன்னொரு 1 சேர்த்தேன்.

விழுந்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் 'அ'-க்களின் நீள வரிசையைப் பார்த்து, "என்ன தம்பி, அரிச்சுவடியா?" என்றார். ஒரு இலக்கத்தில் உயிரும் ஒரு இலக்கத்தில் சாவுமாக நிற்கும் பழுதை வருடத்துக்கு ஒன்றுகூடப் பார்க்கக் கிடைக்காது. அவருக்கு அது விளங்கவில்லை, எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு படி இறங்கிப் பார்த்தேன். நிரல் விழும்போது அதன் நினைவகத்தை அப்படியே கோப்பாக எடுத்துவைக்கும்படி விண்டோஸிடம் ரெஜிஸ்ட்ரி வழியாகச் சொல்லிவைக்கலாம். அப்படி எடுத்த டம்ப் கோப்பை, பழுது ஆராயும் கருவியான விண்டிபிஜியில் திறந்தேன். கிளீனரின் சொந்த ஃபங்ஷன்கள் வெறும் எண்களாகத்தான் தெரிந்தன. அவற்றின் பெயர்களைச் சொல்லும் குறியீட்டுக் கோப்பு என்னிடம் ஏது? ஆனால் நூலகத்தின் பகுதி தெளிவாக வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இன்வோக் வாட்சன் என்று ஒரு ஃபங்ஷன். பழைய விண்டோஸில் நிரல் செத்தால் எட்டிப்பார்க்கும் டாக்டர் வாட்சன் என்ற கருவியின் பெயர் இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே, ஒரு ஸ்ட்ரிங்கை இன்னொரு இடத்துக்குப் படியெடுக்கும் ஃபங்ஷன். அதிலும் பாதுகாப்பான வகை.

அந்தப் 'பாதுகாப்பான' என்ற சொல்லுக்குப் பின்னால் பழைய காயம் இருக்கிறது. முன்பெல்லாம் டப்பாவில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே படியெடுப்பார்கள். வழிந்தது பக்கத்து நினைவகத்தில் போய் விழும். 2003 ஆகஸ்டில் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை அறுபது விநாடியில் அணைய வைத்த பிளாஸ்டர் புழு நுழைந்தது அப்படி ஒரு வழிசலில்தான். பிறகு 2005-ஆம் ஆண்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸில் டப்பாவின் அளவையும் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்களை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அளவு போதாது என்றால் வழியவிடாமல் நிரலையே நிறுத்திவிடும். ஆக, அண்ணாச்சியின் கிளீனர் விழுந்தது ஒரு வகையில் நல்லதுக்குத்தான். டப்பா சிறியது என்பதுதான் தவறு. நிறைந்ததும் நின்றது சரி.

ஒரு புதிர் மட்டும் மிச்சம். "பழைய வெர்ஷன்ல இந்த வம்பே இல்லை தம்பி, இத்தனை வருசமா ஓட்டுறேன்" என்று அண்ணாச்சி திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவருடைய சிநேகிதர் ஒருவர் பழைய பதிப்பைப் பென் டிரைவில் வைத்திருந்தார்.

இப்படிக் கைமாறி வரும் நிறுவல் கோப்பு எனக்கு எப்போதும் பயம். 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்பில், தயாரித்த இடத்திலேயே யாரோ புகுந்து தீம்பொருளைச் சேர்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு போய்க்கொண்டிருந்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் ஏறியது. நம் கதையில் வரும் கிளீனர் அது இல்லை. ஆனால் நேர்வழியில் வந்ததற்கே இந்தக் கதி என்றால், பென் டிரைவில் வந்ததை என்ன சொல்ல? அதனால் என்னிடம் இருந்த, இழப்பதற்கு ஒன்றுமில்லாத பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். தமிழில் பெயர் வைத்த ஷார்ட்கட்டுகள் பத்தைப் போட்டு ஓட்டினேன்.

விழவில்லை. ஆனால் அறிக்கையில் கோப்புப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். 'சுத்தம் முடிந்தது' என்று சொன்ன பிறகு ஃபோல்டரைத் திறந்தால், பத்தும் பத்திரமாக இருந்தன.

பழைய பதிப்பு ஆன்ஸி காலத்து நிரல்; அதாவது யூனிகோடுக்கு முந்தைய, மொழிவாரியான எழுத்து அட்டவணைகளை நம்பிய காலத்து நிரல். விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்ஸி அட்டவணை கிடையாது. தமிழ் அங்கே யூனிகோடாக மட்டும்தான் உண்டு. ஆன்ஸி நிரல் தமிழ்ப் பெயரைக் கேட்டால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை விண்டோஸ் கையில் கொடுக்கும். கோப்புப் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்பது விதி. எனவே நீக்கப்போன இடத்தில் 'இது பெயரே இல்லை' என்று பதில் வரும். அந்தப் பதிப்பு அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்ததற்குப் போய்விடும். அண்ணாச்சி இத்தனை வருடமாகச் சுத்தம் செய்ததில் தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்புகூட நீங்கியதில்லை. புதிய பதிப்பு தமிழைப் படிக்கக் கற்றுக்கொண்டது, படித்த இடத்தில் தடுக்கி விழுந்தது.

அப்டேட் ஆன அன்றே ஏன் விழவில்லை என்பதற்கும் இதில் பதில் இருந்தது. ரிலையபிலிட்டி மானிட்டரில் பார்த்தால் அப்டேட் வந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் முதல் சிவப்புக் குறி. இடையில் வந்தவை எல்லாம் 'முருகன் காதுகுத்து' மாதிரிச் சின்னப் பெயர்கள். கோயில் நோட்டீஸ் வேலை தொடங்கியதும் பெயர் நீண்டது. ஒருமுறை நீண்ட பெயர் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் மீட்சியில்லை. அதை அகற்ற வேண்டிய கிளீனர் அதைப் பார்த்ததும் செத்துப்போகிறது, மறுநாள் காலையிலும் அது அங்கேயே காத்திருக்கிறது.

கைவைத்தியம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஃபைல் எக்ஸ்புளோரரின் அமைப்புகளிலேயே சமீபத்திய வரலாற்றை அழிக்கும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினேன். கிளீனரில் 'சமீபத்திய ஆவணங்கள்' டிக்கை எடுத்துவிட்டேன். கோப்புப் பெயரைச் சுருக்கச் சொல்லவில்லை. அவர் பெயர் வைக்கும் விதத்தில் தவறு எதுவும் இல்லையே.

தயாரிப்பாளருக்கு எழுதியபோது முதலில் வந்த பதில் என்னைக் கோபப்படுத்தியது. மறுபடி நிறுவிப் பாருங்கள், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், முடிந்தால் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள். இரண்டாவது கடிதத்தில் புலம்பவில்லை. 73 'அ'-வும் 11-உம், 73 'அ'-வும் 111-உம் என்று இரண்டு கோப்புகளை இணைத்து, இரண்டு வரியில் செய்முறையும் டம்ப் கோப்பும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து நன்றி சொல்லி ஒரு வரி வந்தது. அதற்கடுத்த பதிப்பில் 111-உம் தப்பியது, நூறு 'அ'-வும் தப்பியது. மாற்றங்களின் பட்டியலில் இது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஆசையாகப் பார்த்தேன். 'சிறு நிலைத்தன்மை மேம்பாடுகள்.'

அன்று கைவைத்தியத்தை முடித்துவிட்டு எழுந்தபோதுதான் அண்ணாச்சி கேட்டார்: "சரி தம்பி, கிளீனர் ஓடுது. கம்ப்யூட்டர் இன்னும் ஸ்லோவாத்தானே இருக்கு?"

அவர் கிளீனர் வாங்கியதே வேகத்துக்காகத்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ரேம். ஒரு டெராபைட் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. அத்தனை பாடுபட்டு நூறைத் தொட்ட கிளீனர் அன்றைக்கு விடுவித்த இடம் 340 எம்பி. அதில் பெரும்பகுதி பிரவுசரின் கேஷ், மறுநாளே திரும்ப நிறைந்துவிடும். குப்பையால் மெதுவாகும் அளவுக்கு அங்கே குப்பையே இல்லை. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, விண்டோஸை அப்படியே அதற்கு மாற்றி, ரேமை 8 ஆக்கினேன். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது.

"இனிமே அது வேண்டாம் அண்ணாச்சி, மாசத்துக்கு ஒருதடவை விண்டோஸோட ஸ்டோரேஜ் சென்ஸே பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினார். போன வாரம் விசிட்டிங் கார்டு வாங்க அந்தப் பக்கம் போனேன். ஷட்டர் அப்போதுதான் தூக்கியிருந்தது. பத்தி புகைந்துகொண்டிருந்தது. பச்சைப் பட்டை 60-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.